ஆயில் மூடியின் அடிப்பக்கம்

சர்வீஸ் முடிந்து வெளியே வந்த கார், சில கிலோமீட்டர் போவதற்குள் கருகிய எண்ணெய் வாடை அடித்தால், முதலில் பார்க்க வேண்டியது என்ஜின் ஆயில் ஊற்றும் மூடி அதன் இடத்தில் இருக்கிறதா என்பதைத்தான். ஆயில் மாற்றும்போது மூடியைக் கழற்றி பேட்டரி மேலோ ஏர் ஃபில்டர் டப்பா மேலோ வைப்பார்கள். நடுவில் போன் வரும், இன்னொரு வண்டி உள்ளே வரும். திரும்பி வந்தவர் பானட்டை இறக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார். சின்னப் பட்டறை, பெரிய சர்வீஸ் சென்டர் என்ற வேறுபாடு இல்லாமல் நடக்கும் தவறு இது.

மூடி இருந்தும் தொல்லை வருவதுண்டு. அதன் ரப்பர் வளையம் செத்துப்போய், மாதக்கணக்கில் ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். என்ஜின் மேல்கவரின் கேஸ்கெட் போய்விட்டது என்று பெரிய வேலைக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். உள்ளே என்ஜின் தேய்ந்து அழுத்தம் ஏறியிருக்க, கசிகிறதே என்று மூடியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மூடியை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. மாற்றுவதற்கு முன் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. என்ஜினைப் பிரிக்காமல் அதன் உள்நிலையை ஓரளவு காட்டக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக், மற்றொன்று இந்த மூடி.

எது ஆயில் மூடி

பானட்டைத் தூக்கினால் என்ஜினின் தலைப்பகுதியில், மெக்கானிக்குகள் டேப்பட் கவர் என்று சொல்லும் மேல்கவரில், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் ஒரு மூடி இருக்கும். பெரும்பாலும் கறுப்பு, சில வண்டிகளில் மஞ்சள். மேலே சொட்டு விழுகிற எண்ணெய்க் குப்பியின் படம் போட்டிருக்கும். சில மூடிகளில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று ஊற்ற வேண்டிய ஆயிலின் ரகமும் அச்சிடப்பட்டிருக்கும்.

இதை ரேடியேட்டர் மூடியோடும் கூலன்ட் டப்பா மூடியோடும் குழப்பிக்கொள்ளவே கூடாது. கூலன்ட் சூடாக இருக்கும்போது அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ஆயில் மூடிக்குள் அப்படிப்பட்ட அழுத்தம் கிடையாது. ஆனாலும் ஓடி நின்ற என்ஜினின் ஆயில் 90 முதல் 110 டிகிரி வரை சூடாக இருக்கலாம். அதனால் கால் மணி நேரம் ஆறவிட்டுத் திறப்பதே நல்லது. படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் எந்த மூடியிலும் கை வைக்காதீர்கள். ஆயில் ஊற்றும் வாயில் கூலன்டை ஊற்றிவிட்டு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்த ஆட்களும் உண்டு.

ஆயிலை அடைப்பது பாதி வேலைதான்

மூடிக்கு நேர் கீழேயோ பக்கத்திலேயோ கேம்ஷாஃப்ட் சுற்றுகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் கேம்ஷாஃப்ட் 1500 சுற்று சுற்றும். அதன் மேல் பாயும் ஆயில் நாலாபக்கமும் தெறித்துக்கொண்டே இருக்கும். மூடி இல்லையென்றால் அந்தத் தெறிப்பு வெளியே வந்து என்ஜின் முழுக்கப் படியும். கொஞ்சம் சைலன்சர் பக்கத்துச் சூடான மேனிஃபோல்டு மீது விழும். என்ஜின் ஆயில் பொதுவாக 200 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கும் நிலைக்கு வரும். ஆனால் மேனிஃபோல்டும் டர்போவும் அதைவிட அதிகமாகச் சூடாவது சாதாரணம். கருகல் வாடையும் புகையும் அங்கிருந்துதான் வருகின்றன. அசட்டையாக ஓட்டினால் தீயும் வரும்.

இன்னொரு பாதி, காற்றை அடைப்பது. பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கும். அதில் எரியாத பெட்ரோல் ஆவியும் நீராவியும் அமிலப் புகையும் இருக்கும். பழைய காலத்தில் இதை ஒரு குழாய் வழியாகச் சாலையிலேயே விட்டுவிடுவார்கள். 1960களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரப் புகைமூட்டத்தைக் குறைப்பதற்காக, கலிபோர்னியாவில் விற்கும் புதிய கார்களில் இந்த வாயுவை இன்டேக் வழியாக மறுபடி உள்ளிழுத்து எரிக்கும் அமைப்பு வந்தது. அதுதான் பிசிவி. இன்று பெட்ரோல் கார் எதை எடுத்தாலும் அதில் இது இருக்கிறது. இந்த அமைப்பு ஒழுங்காக வேலை செய்ய, என்ஜினுக்குள் காற்று தன் வழியில் மட்டும்தான் போய்வர வேண்டும். ஆயில் மூடி தளர்ந்தால் அங்கே ஒரு திருட்டு வழி திறக்கிறது.

உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களில் இதன் விளைவு பளிச்சென்று தெரியும். சென்சார் கண்ணில் படாமல் காற்று நுழைவதால் பெட்ரோல் குறைந்த கலவை எரியும். ஐட்லிங் குலுங்கும், செக் என்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்ற கோடு வரலாம். அதைப் பார்த்து இன்ஜெக்டர், ஆக்ஸிஜன் சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றுவதற்கு முன் மூடியைக் கையால் திருகிப் பார்த்துவிடுங்கள். அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில் இந்த வேறுபாடு லேசாக இருக்கும். டீசலில் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

திருப்பிப் பார்த்தால்

வண்டி சமதளத்தில் நிற்க, என்ஜின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். திறப்பதற்கு முன் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. திறந்த வாய்க்குள் விழும் ஒரு சிட்டிகை மணல் நேரே கேம்ஷாஃப்ட் மீது போய் விழுகிறது. பிறகு மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பிடியுங்கள்.

மெல்லிய தேன் நிறத்தில் ஆயில் பூசியிருந்தால் எல்லாம் சரி. டீசல் வண்டியில் அது கறுப்பாகவே இருக்கும். டீசலில் உண்டாகும் கரி ஆயிலில் கலப்பதால், மாற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. நிறத்தைவிடத் தடிமனைப் பாருங்கள். விரலால் வழித்தால் துணியில் துடைத்துப் போகிறதா, இல்லை தார் மாதிரி ஒட்டிக் கட்டியாக நிற்கிறதா? கட்டியாக நின்றால் உள்ளேயும் கசடு படிந்திருக்கிறது என்று பொருள். ஆயில் மாற்றும் கெடு பலமுறை தவறியிருக்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். விற்பவர் என்ஜினை வெளியே வாட்டர் சர்வீஸ் அடித்துப் பளபளக்க வைக்கலாம், ஆயிலைக்கூடப் புதிதாக மாற்றிவைக்கலாம். மூடியின் அடியில் ஆண்டுக்கணக்கில் இறுகிய படலம் அவ்வளவு சுலபத்தில் போகாது. மூடி மட்டும் புத்தம்புதிதாக இருந்தால், டார்ச் அடித்து அந்த வாய்க்குள்ளே பாருங்கள்.

அதிகம் பேரைப் பயமுறுத்துவது வெள்ளைப் படலம். பாலில் டீத்தூள் கலந்த நிறத்தில், வெண்ணெய் பதத்தில் மூடியின் அடியில் ஒட்டியிருக்கும். ஆயிலும் தண்ணீரும் கலந்தால் இப்படி ஆகும். பார்த்த உடனே கூலன்ட் உள்ளே கசிகிறது, ஹெட் கேஸ்கெட் போச்சு என்று சொல்லிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் ஒரு சிறு பங்கு ரிங்குகளைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. என்ஜின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகவே பிசிவி வழியாக வெளியேறிவிடும். பிள்ளைகளைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், காய்கறிக்கு ஒரு கிலோமீட்டர் என்று மட்டுமே ஓடும் காரில் என்ஜின் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. உள்ளே இருப்பதில் குளிர்ச்சியான இடம் மூடிதான். நீராவி அங்கே வந்து ஒட்டித் தண்ணீராகிறது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் ஓடும் கார்களில் இது சகஜம். சமவெளியிலும் மழைக்காலத்தில் பார்க்கலாம். சிஎன்ஜி எரியும்போது நீராவி இன்னும் அதிகம் உண்டாவதால் அந்த வண்டிகளில் படலம் சீக்கிரமாகவே தோன்றும். என்ஜின் அடிக்கடி நின்று நின்று ஓடும் ஹைபிரிட் கார்களுக்கும் இது பொருந்தும்.

பிரித்தறிய வழி இருக்கிறது. படலத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவாக, அளவு சரியாக இருந்து, கூலன்ட் அளவும் குறையவில்லை என்றால், காரை நெடுஞ்சாலையில் அரை மணி, முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். சில நாள் கழித்து மூடியை மறுபடி பாருங்கள். படலம் வரவில்லை, அல்லது லேசாகத்தான் வந்திருக்கிறது என்றால் அது வெறும் ஈரம். ஆனால் டிப்ஸ்டிக்கிலும் அதே பால் டீ நிறம், ஆயில் அளவு தானாக ஏறியிருக்கிறது, கூலன்ட் குறைகிறது, சூடேறுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவே இல்லை என்ற அறிகுறிகள் சேர்ந்து வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். அங்கே ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ விட்டிருக்கிறது. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைச் சீக்கிரமே தின்றுவிடும்.

வெள்ளத்தில் நின்ற காருக்கும் இதே பார்வைதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. வடிந்ததும் ஆவலில் சாவியைத் திருப்பியவர்களுக்குச் செலவு கூடியது. தண்ணீர் என்ஜின் உயரத்தைத் தொட்டிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் டிப்ஸ்டிக்கையும் ஆயில் மூடியையும் பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, மூடியின் அடியில் நீர்த்துளி தெரிந்தாலோ, பட்டறைக்கு இழுத்துத்தான் போக வேண்டும். இரண்டும் சுத்தமாக இருந்தாலும் ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் சாவியைத் தொடாதீர்கள்.

பேக் கம்ப்ரஷன்

டீசல் வண்டியைப் பட்டறையில் விட்டால், மெக்கானிக் என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து, உள்ளங்கையை வாய்க்கு மேலே காட்டிப் பார்ப்பார். "லேசா பேக் கம்ப்ரஷன் அடிக்குதுண்ணே" என்பார். ரிங்குகளைத் தாண்டி வரும் வாயுவைத்தான் சொல்கிறார். மூடியைத் தலைகீழாக வாயின் மேல் சும்மா வைத்துப் பார்ப்பதும் உண்டு. மெதுவாக அதிர்ந்தால் பரவாயில்லை. எகிறிக் குதித்துக் கீழே விழுந்தால், விட்டு விட்டுப் புகை தள்ளினால், ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கலாம். அல்லது அந்த வாயுவை வெளியேற்றும் பிரீதர் பைப் அடைத்திருக்கலாம். இரண்டாவது காரணம் மலிவாகத் தீரும் என்பதால் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜினை இறக்கும் பேச்சு அதற்கு அப்புறம்தான்.

நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் என்ஜினில் இதற்கு எதிர்மாறாக, மூடியைத் தூக்கும்போது லேசான உறிஞ்சல் தெரியும். மூடியை எடுக்கவே முடியாத அளவுக்கு உள்ளே இழுத்தாலோ, விசில் மாதிரிச் சத்தம் வந்தாலோ, பிசிவி வால்வின் உள்சவ்வு கிழிந்திருக்கலாம். ஐரோப்பிய கார்களில் இந்தக் கோளாறைக் கூடுதலாகப் பார்க்கலாம்.

இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் துப்பட்டா, தொங்கும் சங்கிலி, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட் அருகே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டர் விசிறி எந்த நேரமும் தானாகச் சுழலும். சில என்ஜின்களில் திறந்த வாயிலிருந்து சூடான ஆயில் மேலே தெறிக்கும். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக் செய்வதைத் தள்ளி நின்று பார்ப்பது போதும்.

கசிவு எங்கிருந்து வருகிறது

மூடியைச் சுற்றி ஆயிலும் தூசியும் சேர்ந்து பிசுக்கு படிந்திருந்தால் உடனே புது மூடி வாங்கப் போக வேண்டாம். போன சர்வீஸில் ஊற்றும்போது சிந்தியதாகவும் இருக்கலாம். பனியன் வேஸ்டால் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். மறுபடி ஈரம் மூடியின் விளிம்பில் தொடங்கிக் கீழே வழிந்தால் மூடிதான். விளிம்பு உலர்ந்திருக்க, டேப்பட் கவர் ஹெட்டோடு சேரும் கோட்டில் ஈரம் தெரிந்தால் அது கேஸ்கெட்.

ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து மேலே எழும்பினால் உயிர் இருக்கிறது. பல வருடம் சூட்டில் கிடந்த ரப்பர் பழைய குக்கர் கேஸ்கெட் போலக் கட்டித்துப்போய், தட்டையாகி, பளபளக்கும். வளைத்தால் மயிரிழை வெடிப்பு தெரியும். சில வளையங்கள் ஊறிப் பெருத்துப் பள்ளத்தைவிட்டு வெளியே துருத்தும். அதுவும் கெட்டதுதான். அடுத்து மூடியைப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் கீறல், திருகு மூடியானால் மரை தேய்ந்திருப்பது, கால்சுற்றில் பூட்டும் மூடியானால் காது உடைந்திருப்பது, பூட்டிய பிறகும் நிற்காமல் சுற்றிக்கொண்டே போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வளையத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்று இந்த மூடிக்குப் பொதுவான கெடு கிடையாது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பார்த்து, கெட்டிருந்தால் மாற்றுவதுதான் முறை. மாற்றிய கொஞ்ச நாளில் புது மூடியும் கசிந்தால் மூடியைக் குறை சொல்லாமல் பிசிவி வால்வையும் பிரீதர் பைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் எந்த ரப்பரும் தாங்காது.

வாங்குவதும் மாட்டுவதும்

ஸ்பேர்ஸ் கடையில் காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் பெட்ரோலும் டீசலும் விற்ற கார்கள் நிறைய. மாருதி ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் காரில் இருந்தது சுசுகியின் சொந்த என்ஜின், டீசல் காரில் இருந்தது ஃபியட் நிறுவனத்தின் 1.3 லிட்டர் என்ஜின். மேலே ஒரே பேட்ஜ், உள்ளே இரண்டு வேறு குடும்பம். ஆர்சி புத்தகத்தில் உள்ள 17 எழுத்துச் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் கடைக்காரர் சரியான பாகத்தை எடுத்துக் கொடுப்பார். பழைய மூடியையும் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

சில மூடிகளுக்கு வளையம் தனியாகக் கிடைக்கும். கிடைத்தால் அதுவே போதும். ஆனால் ஆயில் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும். அவசரத்துக்கு டயர் டியூபை வெட்டி வளையமாகப் போடும் பழக்கம் இருக்கிறது. டியூப் ரப்பர் ஆயிலில் ஊறிப் பெருத்துக் குழைந்துவிடும், செய்யாதீர்கள். கேஸ்கெட் பேஸ்டைத் தடவி ஒட்டுவதும் வேண்டாம். காய்ந்த துணுக்கு உள்ளே விழுந்தால் ஆயில் வழிகளை அடைக்கும். சென்னை புதுப்பேட்டை மாதிரிப் பழைய பாகச் சந்தைகளில் கதவும் பம்பரும் லாபத்துக்குக் கிடைக்கும்தான், ஆனால் ஆயில் மூடியை அங்கே வாங்குவதில் அர்த்தமில்லை. உங்கள் ரப்பருக்கு என்ன வயதோ அதே வயதுதான் அதற்கும். வண்ண வண்ண அலுமினிய மூடிகளால் என்ஜினுக்கு ஒரு நன்மையும் இல்லை. சூடான வண்டியில் கையைச் சுடும், அவ்வளவுதான்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது, பழைய வளையம் மூடியோடு வந்துவிட்டதா என்பது. சில நேரம் அது வாயின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேல் புது மூடியைப் பூட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து கட்டாயம் கசியும். விளிம்பை நூல் பிரியாத சுத்தமான துணியால் துடையுங்கள். துணியை உள்ளே திணிக்கக் கூடாது. புது வளையத்தில் விரலால் ஒரு சொட்டு ஆயில் தடவினால் பூட்டும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளாது. மூடியை நேராக வைத்துக் கையால் திருகுங்கள். கால்சுற்று மூடி ஒரு இடத்தில் தட்டி நிற்கும். திருகு மூடி ரப்பர் அமுங்கிக் கைக்குக் கெட்டியாகும். அதோடு விட்டுவிட வேண்டும். கட்டிங் பிளையரோ ஸ்பேனரோ போட்டு இறுக்கினால் மரை போய்விடும், சில வேளை டேப்பட் கவரே விரிசல் விடும். பிறகு என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு விளிம்பைப் பாருங்கள். மறுநாள் ஒருமுறை பார்த்தால் போதும்.

வழியில் மூடி இல்லை என்று தெரிந்தால்

வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். புகை வந்துகொண்டிருந்தால் பானட்டை உடனே விரியத் திறக்காமல் சற்றுப் பொறுங்கள். ஆறியதும் தேடுங்கள். மூடி பெரும்பாலும் தொலைந்திருக்காது. பேட்டரிக்கும் பாடிக்கும் இடையிலோ, என்ஜினுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் கவசத்தின் மேலோ விழுந்து கிடக்கும். கிடைத்தால் துடைத்துப் பூட்டிவிட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஆயில் ஊற்றாமல் ஓட்டக் கூடாது. பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். ஊற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளந்து பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் ஆயில் நுரைத்து வேறு தொல்லை வரும். மேனிஃபோல்டு மீது படிந்ததைத் துடைத்த பிறகும் கொஞ்ச தூரத்துக்கு வாடை இருக்கத்தான் செய்யும். புகை வந்தால் மட்டும் நிறுத்துங்கள்.

மூடி கிடைக்கவில்லை என்றால் கிழிந்த துணியையோ பிளாஸ்டிக் பையையோ வாயில் அடைத்துக்கொண்டு ஊருக்குப் போகப் பார்க்காதீர்கள். நழுவி உள்ளே விழுந்து டைமிங் சங்கிலியிலோ கேம்ஷாஃப்ட்டிலோ சிக்கினால் என்ஜினையே பிரிக்க வேண்டிவரும். சூடான மேனிஃபோல்டு மேல் விழுந்தால் எரியும். யாரையாவது ஸ்பேர்ஸ் கடைக்கு அனுப்பி மூடி வாங்கிவரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வண்டியை இழுத்துச் செல்லுங்கள். ஒரு புது மூடியின் விலை, ஒரு முறை ஆயில் மாற்றும் செலவில் சிறு பங்குதான்.

அடுத்த சர்வீஸ் முடிந்து சாவியை வாங்கியதும், பில்லைப் பார்ப்பதற்கு முன் பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் மூடியை உங்கள் கையாலேயே திருகிப் பார்த்து, டிப்ஸ்டிக்கை ஒருமுறை உருவிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.